துயரும் அஞ்சாமையும்

நாட்டிற்கு நேர்ந்த பெருந்துயரை மறவாதிருத்தல் மக்களின் கடமையாகும். ஆயினும், அத்துயரை எவ்வாறு நினைப்பது? இவ்வினாவிற்குத் திருச்சிராப்பள்ளி ஒருமுறை விடை கூறியது.

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பஞ்சாபில் வைசாகித் திருநாள். அமிர்தசரஸ் நகரில், ஜாலியன்வாலா பாக் என்னும் மதில் சூழ்ந்த திடலில் மக்கள் பல்லாயிரவர் கூடியிருந்தனர். அவர்கள் கையில் படைக்கலம் இல்லை. ஜெனரல் டயர் படையுடன் நுழைந்து, எச்சரிக்கையும் செய்யாமல் சுடுமாறு ஆணையிட்டார். சுமார் 10 நிமிடங்களில் 1,650 குண்டுகள் பாய்ந்தன. அரசாங்கக் கணக்கின்படியே மாண்டவர் 379 பேர். பஞ்சாப் முழுவதும் மக்கள் உள்ளத்தில் அச்சம் பதிய வேண்டும் என்பதே டயரின் கருத்து. விசாரணைக் குழுவின் முன் அவர் அதனை மறைக்கவும் இல்லை.

செய்தி கேட்ட நாடு கொதித்தது. சினம் எழுதல் இயற்கையே. ஆனால் சினம் செல்லும் வழி இரண்டு. திருவரங்கத்திற்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் கடலுக்குச் சுமந்து செல்கிறது; காவிரியோ வாய்க்கால்களாய்ப் பிரிந்து வயல்களை விளைவிக்கிறது. பழிவாங்கும் சினம் வெள்ளம் போல் ஓடி மறையும். நெறிப்பட்ட சினமே பயன் விளைக்கும்.

1930ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு. திருவரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டனர். உப்புச் சட்டத்தை மீறுதல் அவர்தம் நோக்கம். 150 மைல் தொலைவை அவர்கள் 15 நாட்களில் நடந்து கடந்தனர்.

குண்டுக்குப் பலியான உயிர்களுக்குப் பிடி உப்பு ஈடாகுமா எனச் சிலர் வினவலாம். ஈடாகாது, எதுவும் ஈடாகாது. ஆயினும் அச்சத்தை விதைக்கவே அக்குண்டுகள் பாய்ந்தன. அவ்வச்சம் மக்களை விட்டு நீங்கிய அன்றே அவற்றின் நோக்கம் தோற்றது.

அது நீங்கியமைக்கு அந்நடைப்பயணமே சான்று. தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். உழவர்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தம்மிடம் வந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்திலேயே கையை நிறுத்தினார். அதற்காகச் சிறையும் சென்றார். ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். இவர்களுள் எவரும் எவர்மீதும் கல்லெறியவில்லை. எவரும் அஞ்சி ஒதுங்கவும் இல்லை.

நாட்டுப்பற்றின் பொருள் இதுவே. பிற நாட்டாரை வெறுத்தல் நாட்டுப்பற்று அன்று. நினைவு நாளில் மட்டும் முழங்கி மறுநாள் மறத்தலும் அன்று. தன் நாட்டு மக்களுள் ஒருவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தனக்கே இழைத்ததாகக் கருதி, தன்னால் இயன்றதை அஞ்சாமல் செய்வதே நாட்டுப்பற்று. அமிர்தசரசில் மாண்டவர் பேசிய மொழி காவிரிக்கரை உழவர்க்குத் தெரியாது. ஆயினும் அவர்தம் துயரைத் தம் துயராகக் கொண்ட தொண்டர்களுக்கு அவ்வுழவர்கள் சோறளித்தனர்.

அந்நிய ஆட்சி 1947ஆம் ஆண்டில் அகன்றது. அச்சம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. எளியவர் ஒருவரை வலியவர் வருத்தக் கண்டும், தமக்கேன் வம்பு என விலகிச் செல்வோர் இன்றும் உளர். அத்தகைய வேளையில் ஒரு மாணவன் உண்மையை எடுத்துரைத்தால், ஒரு மாணவி வருந்துவோர் பக்கம் நின்றால், ஜாலியன்வாலா பாகில் மாண்டோர்க்கு அதுவே மெய்யான அஞ்சலியாகும்.