பதிவேடும் பாத்தியதையும்

கணக்கு எழுதுகிறவர் கையிலேதான் குடியானவனுடைய கதி இருக்கிறதென்பது நம் நாட்டின் பழைய அனுபவம். பரம்பரைக் கர்ணம் பதவி 1980ஆம் ஆண்டில் ஒழிந்தது, கணக்கு ஒழியவில்லை. பட்டா, ரேஷன், ஓய்வூதியம், வாக்காளர் ஜாபிதா ஆகிய அனைத்தும் இன்று தரவுத்தளம் எனப்படும் கணினிப் பதிவேட்டுக்குள் குடியேறிவிட்டன. அப்பதிவேட்டை அமைப்பவர் எந்தக் கட்டங்களை வைக்கிறார், எவற்றை விடுகிறார் என்பது வெறும் தொழில் நுணுக்கமன்று. ஜனங்களின் பாத்தியதையைச் சேர்ந்த விஷயம். ஆகையால் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வக்கீலுக்கும் உரிமை உண்டு. நெசவாளருக்கும் உரிமை உண்டு.

ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகத்துப் பாங்கிகளும் சர்க்கார்களும் பெரும்பாலும் இன்றும் அம்முறையையே கையாளுகின்றன. அதிலிருந்து பிறந்த நடைமுறை விதியின் சாரம் எளியது: ஒரு செய்தியை ஓரிடத்திலேயே எழுதவேண்டும், வேண்டிய இடங்களிலிருந்து அதைச் சுட்டவேண்டும். ஒருவருடைய விலாசத்தை நான்கு அட்டவணைகளில் எழுதிவைத்தால், அவர் வீடு மாறும்போது ஒன்று திருந்தும், மூன்று திருந்தா. பிறகு எது மெய்யென்று யந்திரத்துக்கும் தெரியாது, உத்தியோகஸ்தருக்கும் தெரியாது.

விதி நல்லதே. ஆனால் கட்டங்கள் அந்நியமாயிருந்தால் விதியினால் என்ன பயன்? காஞ்சியில் ஆறுமுகம் மகன் முருகன் என்றொரு நெசவாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் 'ஆ. முருகன்', பாங்கியில் 'முருகன் ஆ.'; குடும்பப் பெயர் கேட்கும் பாரத்திலோ 'முருகன் ஆறுமுகம்'. அயல்நாட்டு விமான நிலையத்தில் 'திருவாளர் ஆறுமுகம்' என்று கூப்பிட்டால், காலஞ்சென்ற தகப்பனாரா எழுந்து வருவார்? ஒருவர் மூவராகிவிட்டார். ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டால், பெயர் பொருந்தவில்லை என்று மனு திரும்புகிறது. குற்றம் முருகனுடையதன்று, குடும்பப் பெயர் இல்லாத ஜனங்களிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய கட்டத்தினுடையது. பெயரை அவரவர் எழுதுகிறபடி ஒரே கட்டத்தில் முழுமையாக வாங்குக. தகப்பனார் அல்லது தாயார் பெயருக்குத் தனிக் கட்டம் வைக்குக. ஆளை அடையாளங்காண்பது பெயரைக் கொண்டன்று, பதிவேடே வழங்கும் மாறாத எண்ணைக் கொண்டு நடக்கட்டும். பெயரும் ஊரும் தொலைபேசியும் மாறலாம், அவ்வெண் மாறலாகாது.

எழுத்திலும் இதே கவனம் வேண்டும். 'கோவிந்தன்' என்பதன் முதலெழுத்தை யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை வைத்தும் சேமிக்கலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒழுங்குபடுத்தாத யந்திரத்துக்கு இரு வேறு மனிதர்கள். வரிசையும் அப்படியே. யூனிகோடு எண் வரிசையில் ழகரத்துக்குப் பின் வகரம் நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் வகரமே முந்தியது. உள்ளே வரும்போதே எழுத்தை ஒரே வடிவாக்கி, தமிழ் வரிசையை ஆரம்பத்திலேயே நிச்சயித்துவிட்டால் இவ்வளவு தொல்லையும் இல்லை.

இனி, பிழை புகுந்துவிட்டால் என் செய்வது? தமிழ்நாட்டில் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. அப்பொழுது நேர்ந்த பெயர்ப் பிழைகளும் விஸ்தீரணப் பிழைகளும் பின்னர் கணினிக்குள்ளும் ஏறின. அவற்றைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் தீர்ந்தபாடில்லை. பட்டா மாத்திரமே உடைமைக்கு ஆதாரமாகாதென்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆயினும் கடன் கொடுக்கிறவரும் கிரயம் வாங்குகிறவரும் முதலில் பார்ப்பது பட்டாவையே. காகிதத்தில் இருந்த பிழைக்காவது அடித்தல் திருத்தல் சாட்சியாக நின்றது. கணினியில் புதிய வரி பழைய வரியைச் சுவடின்றி விழுங்கிவிடக் கூடும். ஆதலின் யார், எந்நாளில், எந்தப் பத்திரத்தைக் கொண்டு மாற்றினார் என்பதும், மாற்றத்துக்கு முன் என்ன இருந்தது என்பதும் பதிவேட்டிலேயே நிலைத்திருக்கவேண்டும். சோழர் காலத்தில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலில் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய சாசனங்களைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். கட்டடம் புதிதாயிற்று, தானம் கொடுத்தவர் பாத்தியதை அழியவில்லை. பழைய பதிவேட்டைப் புதிய யந்திரத்துக்கு மாற்றுகிறவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய முறை இதுவே.

பதிவேட்டைக் காப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பிரதி எடுத்திருக்கிறோம் என்பவரிடம், அப்பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கவேண்டும். மீட்டுப் பாராத பிரதி, பிரதியன்று. மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகும். 2015 டிசம்பரில் சென்னையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாற்றுகிறவரும் சரிபார்க்கிறவரும் ஒருவராயிருத்தல் கூடாது. நம் ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துச் சாசனம், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைக்கு அருகதையற்றவரென்று விலக்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலைக்கு இருந்த கண்டிப்பு இன்று கணினிக்கு வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது ஒன்று. சட்டத்தின் கீழ் விதிகள் செய்யுமுன் நகலைக் கெஜட்டில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அவ்வாறே, ஜனங்களுடைய பாத்தியதையைத் தொடும் எந்தத் தரவுத்தளத்தையும் சர்க்கார் அமைக்குமுன், அதன் கட்டங்களின் ஜாபிதாவைத் தமிழில் வெளியிட்டு, ஒரு மாதம் ஆட்சேபங்களைக் கேட்கட்டும். ஜனங்களைப் பற்றிய விவரங்களை வெளியிடச் சொல்லவில்லை. எவ்விவரம் எவ்விதமாகக் கேட்கப்படும் என்பதையே வெளியிடச் சொல்லுகிறோம். சங்கங்களும் வக்கீல்களும் கிராம சபைகளும் அந்த ஜாபிதாவை வாசித்து, முருகனுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஏனாத்தூரில் 1993 முதல் பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. கணினி கற்கும் இளைஞர்கள் அங்கே உண்டு. அவர்கள் சற்றுத் தூரம் நடந்து காஞ்சியின் தறிகளைப் பார்க்கட்டும். பாவு கோணலாக ஏறிவிட்டால், ஊடை எவ்வளவு உயர்ந்த பட்டாயினும் சேலை நேராகாது. பதிவேட்டின் கட்டங்களே பாவு. அதை நேராக ஏற்றிவிட்டுப் பிறகு நெய்யுங்கள்.