தாலி கட்டும் நொடிக்கு ஒரு ஃப்ளாஷ்

“அண்ணா, அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 கைக்கு வந்திருக்கிறது. தையில் அக்காவுக்குக் கல்யாணம். பிலிமில் எடுக்க ஆசை. என்ன ஃப்ளாஷ் வாங்கலாம்?” என்று கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பிலிம் திரும்பவும் பிடித்துப்போனதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது.

கேமராவின் தலையில் செருகும் சின்ன ஃப்ளாஷ் வேண்டாம், தம்பி. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராகப் பாயும் ஒளி, மண்டபப் புழுக்கத்தில் வியர்த்த நெற்றியில் பட்டு அப்படியே திரும்பி வரும். நம் மாநிறம் போய் வெள்ளைப் பளபளப்புதான் மிஞ்சும். வீட்டிலுள்ள பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை மாப்பிள்ளைகள் அப்படி மின்னுகிறார்கள் என்று!

கைப்பிடி ஃப்ளாஷ் வேறு ரகம். கனத்த பிடியோடு கேமராவுக்குப் பக்கவாட்டில் ஒரு பட்டையில் நிற்கும். கழற்றி இடது கையில் உயர்த்தியும் பிடிக்கலாம். ஒளி மேலிருந்து சாய்வாக விழும்போதுதான் மூக்குக்கும் தாடைக்கும் ஒரு உருவம் வருகிறது. ஒரு கையால் ஃபோகஸ் செய்ய முடியாது என்பதால், 3 மீட்டருக்கு முன்கூட்டியே வைத்துவிட்டு அந்தத் தூரத்தில் நின்றுகொள்வது என் வழக்கம்.

என் கையில் இருப்பது மெட்ஸ் 45 சிடி-1. பெயரிலுள்ள 45தான் கைடு நம்பர், அதாவது ஐஎஸ்ஓ 100 பிலிமில், மீட்டர் கணக்கில் அதன் பலம். தூரத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும்: 4 மீட்டரில் ஏறத்தாழ எஃப் 11. கைடு நம்பர் 20 உள்ள சின்ன ஃப்ளாஷ் என்றால் அதே இடத்தில் எஃப் 5தான். ஐஎஸ்ஓ 400 பிலிம் போட்டால் கைடு நம்பர் இரண்டு மடங்காகும். வீட்டில் வெள்ளைக் கூரையில் ஒளியை மோதவிட்டு எடுக்கலாம். உயரமான மண்டபத்தில் அந்த வித்தை பலிக்காது. அங்கே நேரடிப் பலம்தான் வேண்டும்.

வாங்கும் இடம்? பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை போன்ற இடங்களில் பழையவை கிடைக்கும். புது பேட்டரிகளைக் கையோடு கொண்டு போங்கள். பேட்டரிக் கூடு இருக்கிறதா, உள்ளே பச்சைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வருடம் தூங்கிய ஃப்ளாஷ் முதல் தடவை மெதுவாகத்தான் நிரம்பும். நாலைந்து முறை முழுப் பலத்தில் அடித்த பிறகும் 15 வினாடிக்கு மேல் எடுத்தால் நான் வாங்க மாட்டேன். பிறகு ஆட்டோவில் வைத்து, உள்ளங்கையை அருகில் நீட்டி அடியுங்கள். தயார் விளக்கு உடனே திரும்ப எரிந்தால் அதன் கண் வேலை செய்கிறது.

அந்தக் கண்ணையும் முழுதாக நம்பாதீர்கள். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்தால் ‘வெளிச்சம் போதும்’ என்று சீக்கிரமே அணைத்துவிடும், முகங்கள் இருண்டுவிடும். அப்போது ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து வையுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

கே1000-இல் ஷட்டர் 1/60-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தில் ஒரு பகுதி கறுத்துப்போகும். 1970களின் சில ஃப்ளாஷ்களில் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு மேல் போகும். கே1000 போன்ற இயந்திரக் கேமரா தாங்கிக்கொள்ளும். தங்கையின் டிஜிட்டல் கேமராவில் மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள்.

கெட்டிமேளம் கொட்டும்போது இன்னொன்று. தயார் விளக்கு முழுதாக நிரம்பும் முன்பே எரிந்துவிடும். கூட ஓரிரு வினாடி பொறுங்கள். அதனால் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது ஒன்று அடித்துவிட்டு முடிச்சுக்கு விழிக்காமல், முடிச்சுக்காகவே காத்திருங்கள்.

கேமராவையும் ஃப்ளாஷையும் இணைக்கும் ஒயர் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பழுதாவது அதுதான்.