கத்தி எதுக்கு, வாயைக் கட்டினா போதாதா?

குண்டா இருக்கற பையனைப் பாத்தா போதும், நம்மாளுங்க எல்லாருக்குள்ளயும் இருக்கற டாக்டர் உடனே எட்டிப் பாப்பார். "தம்பி, காலைல எந்திரிச்சு ஓடு, பரோட்டாவ விடு." அந்தப் பையனுக்கு இரைப்பையைக் குறைக்கற ஆபரேஷன்னு சொல்லிட்டா கேக்கவே வேணாம். பணத்திமிரு, சோம்பேறித்தனம், சின்னப் புள்ளைக்கா கத்தி... மூணும் வரிசையா வரும். நான் இதுல எதிர்க்கட்சிங்க.

2023 ஜனவரியில அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. 13 வயசுக்கு மேல, கடுமையான உடல்பருமன் இருந்தா, ஆபரேஷன் சரிப்படுமான்னு பாக்கற மையத்துக்கு அனுப்பலாம்னு வீட்டுக்காரங்ககிட்ட டாக்டர் எடுத்துச் சொல்லணும்னாங்க. லேசா தொப்பை விழுந்தவனுக்கு இல்ல, கவனிங்க. வளர்ந்த பசங்களுக்கு பிஎம்ஐ 35ன்னு வச்சுக்கிட்டா, 160 செ.மீ. உயரத்துக்கு 90 கிலோ. சின்ன வயசுன்னா கணக்கு மாறும்.

இப்ப அதிகமா செய்யறது ஸ்லீவ். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு வாழைப்பழம் சைஸ்ல ஒரு குழாயை விட்டு வைப்பாங்க. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. பசியைக் கிளப்பற கிரெலின்னு ஒரு ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டின பகுதியிலதான் சுரக்குது. அதனால பசியே குறையும். "வாயைக் கட்டு"ன்னு சொல்றவங்க இந்த ஒரு விஷயத்தை யோசிக்கணும். வாய் மட்டுமா பிரச்சினை?

"பெரியவனானதும் செஞ்சுக்கட்டுமே, என்ன அவசரம்?" இதுதான் எல்லாரும் நியாயம்னு நெனைக்கற கேள்வி. பத்துலேர்ந்து பதினேழு வயசுக்குள்ள டைப் 2 சர்க்கரை வந்த பசங்களை அமெரிக்காவுல 'டுடே'ங்கற ஆய்வுல பல வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. 2021ல முடிவு வந்தப்போ அவங்க சராசரி வயசு 26. அதுக்குள்ளயே 60 சதவீதம் பேருக்கு கண், சிறுநீரகம், நரம்பு இதுல ஏதோ ஒண்ணாவது பாதிச்சிருந்துச்சு. இருபத்தாறு வயசுங்க! காத்திருக்கறதும் ஒரு முடிவுதான், அதுக்கும் விலை இருக்கு.

ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட பசங்க கதை 'டீன் லேப்ஸ்' ஆய்வுல இருக்கு. மூணு வருஷத்துல சராசரியா 27 சதவீதம் எடை குறைஞ்சுது. சர்க்கரை இருந்தவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு அது அடங்கிப் போச்சு. பத்து வருஷக் கணக்கு 2024ல வந்துச்சு. சர்க்கரை அடங்கினவங்க 55 சதவீதம். இறங்கியிருக்கு, மறைக்க வேணாம். ஆனா பாதிக்கு மேல பேருக்கு பத்து வருஷம் கழிச்சும் சர்க்கரை இல்லைன்னா அதை சும்மா ஒதுக்கிட முடியுமா?

சரி, அப்ப எல்லாரும் க்யூவுல நில்லுங்கன்னு சொல்றேனா? இல்ல. எனக்குப் பயம் கத்தி மேல இல்ல, மாத்திரை மேல. இந்த ஆபரேஷன் ஆனவங்க இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிடணும். பதினேழு வயசுல நாம பத்து நாள் ஆன்டிபயாடிக்கையே முழுசா முடிச்சதில்ல :-) அதே ஆய்வுல மூணு வருஷத்துலயே பாதிக்கு மேல பேருக்கு உடம்புல இரும்புச் சேமிப்பு குறைஞ்சு போச்சு. அந்த ஆய்வுல நாலுல மூணு பேர் பொண்ணுங்க.

இதை நம்மூர்ப் பக்கம் கொண்டு வந்து பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 15லேர்ந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கனவே ரத்தம் குறைஞ்ச பொண்ணுக்கு ஆபரேஷன் செஞ்சுட்டு, மூணு வருஷத்துல கல்யாணம் பேசி, போற வீட்டுல "என்னம்மா தினம் மாத்திரை?"ன்னு கேப்பாங்கன்னு நிறுத்தச் சொல்ற அம்மாக்கள் இருப்பாங்களா மாட்டாங்களா? ஆபரேஷன் ஆகி ஒண்ணு, ஒண்ணரை வருஷத்துக்குக் கர்ப்பமே தள்ளிப் போடணும்ங்கறாங்க. அதை யார் யாருகிட்ட சொல்லப் போறாங்க? மறைச்சுத்தானே கல்யாணம் நடக்கும்?

இன்னொண்ணு, பேச கூச்சப்படற விஷயம். பைபாஸ் செஞ்சுக்கிட்டவங்களுக்கு சாராயம் சீக்கிரம் ஏறும், ஸ்லீவ்லயும் அப்படித்தான். காலேஜுக்குப் போகப் போற பையன்கிட்ட இதையும் சொல்லித்தான் ஆகணும். அப்பா அம்மாவை வெளிய அனுப்பிட்டு டாக்டர் தனியா சொன்னா இன்னும் நல்லது. அப்படியே, "இது உனக்கு வேணுமா, இல்ல அவங்களுக்காகவா?"ன்னும் கேட்டுடலாம்.

ஊசி வந்துடுச்சே, இனி எதுக்கு ஆபரேஷன்னு கேக்கலாம். செமாக்ளூடைடை 12 வயசுக்கு மேல குடுக்கலாம்னு அமெரிக்காவுல 2022 கடைசியிலயே அனுமதிச்சாச்சு. நிறுத்தினா எடை திரும்புது. அதுவும் ஆயுசுக்கட்டுதான், செலவோட.

அதனால யாராவது வீட்டுல இந்தப் பேச்சு ஓடிட்டு இருந்தா, ஆஸ்பத்திரியில 'முன்', 'பின்' போட்டோவைப் பாக்கறதோட நிறுத்தாதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை பேர் செக்கப்புக்கு வர்றாங்கன்னு கேளுங்க. வராதவங்களைக் கூப்பிட யாராவது இருக்காங்களான்னும் கேளுங்க. பதிலுக்கு பேக்கேஜ் ரேட் சொன்னா எழுந்து வந்துடலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. "எங்க பெரியப்பா வெந்நீர் குடிச்சே 20 கிலோ குறைச்சார்" வகைப் பின்னூட்டங்களுக்குப் பதில் வராது :-)