செயலியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி

பிப்ரவரி நடுப்பகுதியில் நம் பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றி வருகிறது. உலகெங்கும் நான்கு நாட்கள் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் நம் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் எண்ணி, பட்டியலாகப் பதிவேற்றுகிறார்கள். நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையே தலைகுனிந்து நடந்தவர்கள், ஆண்டில் நான்கு நாட்களாவது மரக்கிளைகளை நிமிர்ந்து பார்க்கிறார்கள். இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்தப் பட்டியல்களில் ஒன்று விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பறவைகளோடு நெடுங்காலம் வாழ்ந்த மனிதர்கள் அவற்றுக்கு இட்ட பெயர்கள் அவற்றில் இல்லை.

குரலைக் கேட்டே பறவையை இனங்காணும் செயலிகள் இன்று எல்லோர் கையிலும் உள்ளன. கைப்பேசியை நீட்டினால் ஆங்கிலப் பெயரும் இருசொற்பெயரும் சில நொடிகளில் வந்துவிடுகின்றன. விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அந்த விடையைப் பெற இனி எவரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் என் கவலை. முன்பு, பெயர் தெரியாத பறவை ஒன்று கத்தினால் அருகில் களையெடுப்பவரிடம் கேட்டோம். அவர் பெயரைச் சொல்வார். அதோடு நிற்கவும் மாட்டார். அது எப்போது வரும், எங்கே முட்டையிடும், அது கத்தினால் என்ன பொருள், அதைப் பற்றித் தன் பாட்டி என்ன சொன்னாள் என்பதையெல்லாம் சேர்த்தே சொல்வார். செயலி தருவது விடை மட்டும். பேச்சு அதில் இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்களம் உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவோன் மலைப்பகுதி. அங்கே வசந்தம் தொடங்கும் நாட்களின் அழகைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. படிப்படியாக இறங்கும் வயல்களில் கோதுமை பச்சையாக நிற்க, அதனூடே கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கும். வீட்டுத் தோட்டத்தில் பிளம் மரம் இலை விடுவதற்கு முன்பே வெண்மையாகவும், பீச் மரம் இளஞ்சிவப்பாகவும் பூத்துவிடும். பழைய கல்வீடுகளின் சுவரிலேயே தேனீக்களுக்கென ஒரு பொந்து விட்டுக் கட்டியிருப்பார்கள். வெளிச்சுவரில் சிறு துளை. உட்புறத்தில் திறந்து மூடும் பலகை. குளிர் தணிந்ததும் தேனீக்கள் அத்துளை வழியே புறப்பட்டுத் தோட்டத்துப் பூக்களுக்குப் போகின்றன. சற்று மேலே, காட்டில், புராஞ்ச் மரங்கள் செந்நிறக் கொத்துகளைச் சுமந்து நிற்கின்றன. தேன்சிட்டுகள் அவற்றைச் சுற்றிவருகின்றன. வாழ்நாள் முழுதும் இந்தியில் எழுதிய கவிஞர் சுமித்ரானந்தன் பந்த், அரிதாகத் தன் தாய்மொழியான குமாவோனிக்குத் திரும்பியபோது பாடியது இந்தப் புராஞ்சைத்தான்.

சூரியன் மீன ராசிக்குள் நுழையும் நாளில், மார்ச் நடுப்பகுதியில், அங்கே ஃபூல் தேயி கொண்டாடுகிறார்கள். அதே நாளில் நமக்குப் பங்குனி பிறக்கிறது; அவர்களுக்குச் சைத்ரம். தமிழ் இலக்கண மரபு பங்குனியைப் பின்பனியில் சேர்த்தது. குமாவோனியருக்கோ அதுவே வசந்தத்தின் வாசல். விடியற்காலையில் குழந்தைகள் கூடையில் பூப்பறித்து வந்து ஒவ்வொரு வீட்டின் நிலைப்படியிலும் தூவி வாழ்த்துகிறார்கள். வீட்டார் அரிசியும் வெல்லமும் தருகிறார்கள். கூடையில் புராஞ்சும் பீச்சும் இருக்கும். ப்யோலி என்னும் சிறு மஞ்சள் பூ தவறாமல் இருக்கும்.

ப்யோலியைச் செயலியிடம் காட்டினால் ‘ரெயின்வார்ட்டியா இண்டிகா’ என்று சொல்லும். சரியான விடை. மலைவாழ் மூதாட்டி ஒருவரிடம் கேட்டால், ப்யோலி ஒரு பெண் என்று தொடங்குவார். மணமாகித் தொலைவுக்குப் போனவள். பிறந்த இடத்தை நினைத்து ஏங்கி இறந்தவள். பூவாகத் திரும்பி வந்தவள். இதே சைத்ர மாதத்தில்தான் மணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டார் சீர் கொண்டுபோகும் ‘பிடௌலி’ என்னும் வழக்கம் நடக்கிறது. இதே மாதத்தில்தான் ‘குகுதி’ என்று அவர்கள் அழைக்கும் புறா முற்றத்தில் அமர்ந்து குரல் கொடுக்கிறது. அக்குரலைக் கேட்டால் பிறந்த வீட்டு நினைவு எழும் என்கிறார்கள் பெண்கள். ஒரு பூ, ஒரு பறவை, ஒரு வழக்கம் ஆகிய மூன்றையும் ஒரே உணர்வு கோத்திருக்கிறது. பெயரைத் தனியே பிடுங்கினால் அந்தக் கோவை அறுந்துபோகும்.

மொழியியல் மாணவர்களுக்கு இன்னொரு சான்று. சைத்ரம் முடிந்து வைசாகம் பிறக்கும் வேளையில், குயில் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை நான்கு சுரங்களில் கூவத் தொடங்கும். குமாவோனியர் அதைக் ‘காஃபல் பாக்கோ’ என்று கேட்கிறார்கள். ‘காஃபல் பழம் பழுத்தது’ என்பது பொருள். கூடை நிறையக் காஃபல் பறித்து வந்த தாய், மகளைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வெயிலில் பழங்கள் வாடிச் சுருங்கின. மகள் தின்றுவிட்டாள் என்று எண்ணி அடித்தாள், குழந்தை இறந்தது. மாலை ஈரத்தில் பழங்கள் மீண்டும் பருத்துக் கூடை நிறைந்தபோது தாயும் துயரில் உயிர்விட்டாள். தான் பழத்தைச் சுவைக்கவில்லை என்று அந்தக் குழந்தைதான் பறவையாகி இன்றும் கூறுகிறதாம். வறுமையின் கதை இது. பறித்த பழம் வெயிலில் சுருங்கும் என்ற நுண்ணிய அவதானிப்பும் இதனுள் பொதிந்திருக்கிறது.

வங்காளியர் இதே பறவையின் இதே நான்கு சுரங்களை ‘பௌ கொதா கவ்’ என்று கேட்கிறார்கள். ‘மனைவியே, பேசு’ என்று பொருள். இரண்டு தொடர்களிலும் அசைகள் நான்கே என்பதைக் கவனியுங்கள். பறவை தந்தது தாளம். பொருளைத் தந்தது அந்தந்தச் சமூகத்தின் வாழ்க்கை. இதன் உறவுப் பறவையொன்றைத் தமிழர் அக்காக்குயில் என்றார்கள். மராத்தியர் அதே பறவையின் கூவலில் ‘மழை வந்தது’ என்ற செய்தியைக் கேட்டார்கள். ஒலிக்குறிப்புச் சொற்களும் மரபு சார்ந்த தோராயப் போலிகளே என்று சசூர் வகுப்பறையில் சொன்னதை நாம் தேர்வுக்காகப் படித்தோம். அதற்கு இதைவிட இனிய விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

ஆனால் நம் துறை இத்தகைய பெயர்களைத் தேடிப் போனதா? சுவாதேசின் நூறு சொற்பட்டியலில் ‘பறவை’ உண்டு, ‘மரம்’ உண்டு, எந்தப் பறவை, எந்த மரம் என்ற கேள்விக்கு இடமில்லை. மொழிகளுக்கிடையே ஒப்பிட வேண்டிய பட்டியல் அப்படித்தான் இருக்க முடியும். அதற்கு முன் கிரியர்சன் தன் மொழி அளவாய்வில் குமாவோனிக்கும் இடம் தந்தார். எல்லா மொழிகளுக்கும் அவர் பொதுவாகக் கேட்டது விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையையும் ஒரு சொற்பட்டியலையும்தான். அவர்கள் வகுத்த கருவிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அக்கருவிகளோடு ஆய்வு முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வதே குறை.

உயிரியல் நண்பர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். வட்டாரப் பெயர்கள் துல்லியமற்றவை. ஒரே பெயர் பல இனங்களைச் சுட்டும். ஒரே இனத்துக்கு ஊருக்கொரு பெயர் இருக்கும். உண்மைதான். நம் ஊரில் சிட்டுக்குருவியும் குருவிதான். கௌதாரி அளவுக்கு வளரும் ஆள்காட்டியும் குருவிதான். எனவே அறிவியல் பெயரை நீக்குங்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் ‘ஆள்காட்டி’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆள் வருவதை முதலில் கண்டு கத்தி அறிவிக்கும் பறவை என்ற நடத்தைக் குறிப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. வெட்டவெளித் தரையில் முட்டையிடும் பறவை அப்படிக் கத்துவதற்குக் காரணமும் இருக்கிறது. எந்த வேறுபாட்டை ஒரு சமூகம் பெயரிட்டுப் பிரிக்கிறது, எதைப் பிரிக்காமல் விடுகிறது என்பதும் தரவுதான், பிழையன்று.

இதைச் சொல்லும்போது கிராமத்தைச் சொர்க்கமாக வரைந்துவிடக் கூடாது. 2001க்கும் 2011க்கும் இடையே அல்மோரா, பௌரி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை குறைந்தது. காட்டுப்பன்றியும் குரங்கும் விளைச்சலை அழிப்பதால் தரிசாகக் கிடக்கும் வயல்கள் ஏராளம். நாம் பறவை எண்ணும் அதே பிப்ரவரி நடுவில்தான் அம்மாநிலத்தின் காட்டுத்தீப் பருவமும் அதிகாரபூர்வமாகத் தொடங்குகிறது. சைத்ரத்தில் வீடுவீடாகச் சென்று பருவப் பாடல்கள் பாடியவர்கள் பெரும்பாலும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட இசைக்கலைஞர்கள். அவர்களின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகியதற்காக வருந்த நமக்கு உரிமையில்லை. அவர்களுக்குத் தெரிந்தவற்றை உரிய மதிப்போடு பதிவு செய்யாமல் விட்டதற்காகத்தான் நாம் வருந்த வேண்டும்.

யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகள் வரைபடத்தில் குமாவோனி ‘பாதிப்புக்குள்ளாகக்கூடிய’ மொழியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய உலர்தாவரத் தொகுப்புகளை ஆராய்ந்தவர்கள் புராஞ்ச் பூக்கும் காலம் முன்னகர்ந்து வருவதைக் காட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பூ திருவிழாவுக்கு முன்பே உதிரக்கூடும்; பூத்தூவும் நிலைப்படிக்குப் பின்னே பூட்டிய கதவு இருக்கக்கூடும்; பெயர் சொல்லித் தருபவர் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கக்கூடும். ‘இந்த ஆண்டு ப்யோலி சீக்கிரம் வந்துவிட்டது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவரிடம் அந்தச் சொல்லும் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இதற்காக மலைக்குப் போக வேண்டியதில்லை. நம் வளாகத் தோட்டங்களைப் பேணுபவர்கள், காவல் காப்பவர்கள், விடுதிச் சமையலறையில் உழைப்பவர்கள் பலர் தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பல மொழிகள் அங்கே புழங்குகின்றன. ஆய்வேடுகளில் அவை ‘தகவலாளர் தேவை’ என்ற வரியாக மட்டுமே தோன்றுகின்றன. அடுத்த கணக்கெடுப்பில் ஒவ்வொரு பட்டியலுக்கும் அருகே ஒரு பத்தி கூடுதலாக இடுவோம்: இந்தப் பறவைக்கு இங்கே வேலை செய்பவர் ஒருவரின் மொழியில் என்ன பெயர்? அதைச் சொன்னபோது அவர் வேறு என்ன சொன்னார்? அவருடைய இசைவைப் பெறுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதுங்கள். அவருடைய வேலை நேரத்தைப் பறிக்காதீர்கள். செயலியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். செயலி எப்போதும் காத்திருக்கும்.

தோட்டத்தில் கால்மணி நேரம் நின்று பறவை பார்ப்பது இன்பம். அதே தோட்டத்துக்கு நாள்தோறும் நீர் பாய்ச்சுபவரோடு சேர்ந்து பார்ப்பது அதனினும் பெரிய இன்பம். இந்தப் பருவத்தில் யாரிடமாவது ஒரு பெயர் கேட்டறிந்தால், அதை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். எந்த மொழி, எந்த ஊர் என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.