எண்ணப்படாத குழந்தைகள்



"நாட்டின் வறுமைக்கு அதிகம் பிள்ளை பெறுபவர்களே காரணம்!" மேடை கிடைத்தால் போதும், சிலர் இதைத்தான் பேசுகிறார்கள். அப்போது அவர்கள் விரல் யாரை நோக்கி நீள்கிறது என்பது நமக்குத் தெரியும். கோபப்பட்டுப் பயனில்லை. அரசாங்கமே எடுத்த கணக்கைக் கையில் வைத்துப் பேசுவோம்.

1992-93ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21ல் அது 2.4. இதே காலத்தில் இந்துச் சகோதரிகளிடம் 3.3லிருந்து 1.9 ஆகக் குறைந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜம்மு காஷ்மீரில் 1.4தான்! தமிழ்நாட்டிலோ 1.8. பீகாரில் எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்து 3.

இது மதத்தின் கணக்கா? பள்ளிக்கூடத்தின் கணக்கா? பள்ளிக்கே போகாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள்; பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவளுக்கு 1.8 என்கிறது அதே கணக்கெடுப்பு.

கட்டாயப்படுத்தியும் பார்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். வறுமை ஒழிந்ததா? இல்லை! 1977 தேர்தலில் அந்த ஆட்சிதான் ஒழிந்தது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு. சோற்றுக்காக வந்த பிள்ளை படித்தது. படித்த பெண் தன் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரிந்துகொண்டாள். பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் குடும்பம் தானாகவே சிறுத்தது. முதலில் வயிறு, பிறகு படிப்பு, அதன் பிறகே எண்ணிக்கை. இதுதான் வரிசை!

ஆனால் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததாக 2019-21 கணக்கு சொல்கிறது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எத்தனை பேருக்கு அரிசி என்ற வரம்பை 2011 மக்கள்தொகையை வைத்தே போட்டார்கள். 2021ல் எடுக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவேயில்லை. குழந்தையைப் பாரம் என்பவர்கள், அதை உரிய காலத்தில் எண்ணக்கூட இல்லை!

ஆரம்பக் கல்வியும் குழந்தைகள் நலமும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொறுப்புகளில் அடங்கும் என்று 1993 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்படைப்பதா வேண்டாமா என்பது மட்டும் மாநில அரசின் விருப்பம்! அந்த விருப்பம் கடமையாக வேண்டும். நிதியும் அதிகாரமும் ஊருக்கு வர வேண்டும். நாம் கேட்கும் அரசியல் சீர்திருத்தம் இதுவே.

வியாபாரப் பெருமக்களே! உங்களிடமும் ஒரு கேள்வி. கடைக்கு டீ வாங்கி வரும் பையனுக்கு வயது என்ன? "ஏழைப் பிள்ளை, சோறு போடுகிறோம்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அந்நியர் பிள்ளையைப் பதினான்கு வயதுக்குள் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். பிள்ளையின் கூலி ஒரு வீட்டின் வருமானமாக இருக்கும்வரை அந்த வீட்டில் வறுமையும் குறையாது, பிள்ளைகளும் குறையாது. அவன் தகப்பனுக்கு நியாயமான கூலியில் வேலை கொடுங்கள். அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இளைஞர்களே! இந்த வாரமே உங்கள் மஹல்லாவை வீடு வீடாகச் சுற்றுங்கள். பள்ளிக்குப் போகாத குழந்தை எத்தனை? ரேஷன் அட்டையில் பெயரில்லாத குழந்தை எத்தனை? சாதி, மதம் பாராமல் எழுதுங்கள். அடுத்த தேர்தலில் கைகூப்பி வருபவரிடம் அந்தப் பட்டியலை நீட்டுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். அவர் நீட்டும் நோட்டை வாங்கிய கையால் பட்டியலை நீட்ட முடியாது!