ஆறு பேரும் மூன்று ஓடங்களும்



‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் வாக்கு. மனித வாசமே அரிதான வடதுருவப் பகுதி ஆறுகளுக்கும் இவ்வாக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இம்மாதம் காண்போம்.

கனடா நாட்டின் வடக்கே மரங்கள் வளராத பரந்த நிலம் உண்டு. பள்ளிப் பாடங்களில் ‘தூந்திரம்’ என்று நாம் படித்தது இதுவே. மேல்மண்ணுக்குக் கீழே பூமி ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால், கோடையில் உருகும் நீர் உள்ளிறங்க வழியின்றிச் சதுப்பாகத் தேங்கி நிற்கிறது. எங்கு நோக்கினும் ஏரிகளும் ஆறுகளுமே, சாலை கிடையாது. குறுகிய கோடையில் இந்நிலத்தைக் காண விழையும் நண்பர்கள், ‘கேனோ’ எனப்படும் ஒடுங்கிய ஓடங்களில் துடுப்பு வலித்துச் செல்கின்றனர். நீர்வழி அடைபடும் இடங்களில் மூட்டைகளை முதுகிலும் ஓடத்தைத் தலைக்கு மேலும் சுமந்து நடக்கின்றனர்.

இப்பயணத்தில் மிக அஞ்சத்தக்கவை நீர்ச்சரிவுகள். பாறைகளிடையே ஆறு சீறிப் பாயும் இடங்கள் இவை. ஓடத்தில் அமர்ந்திருப்பவருக்கு, சரிவின் மேல்விளிம்பு மட்டுமே ஒரு கோடுபோலத் தெரியும். அதற்கப்பால் இருப்பது தெரியாது. ஆகவே கரையில் இறங்கி, முழுச் சரிவையும் நடந்து பார்த்த பின்னரே ஓடத்தைச் செலுத்துவதா, சுமந்து செல்வதா என்று முடிவு செய்வர். இதற்கு நேரம் பிடிக்கும். களைத்த கால்களுக்கு இது பெருஞ்சுமை. ஆயினும் அனுபவசாலிகள் இதைக் கைவிடுவதில்லை.

அனுபவசாலிகளும் கைவிடும் நாள் ஒன்று வரக்கூடும். 1955ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஆர்தர் மொஃபட், தம்மினும் இளையவர் ஐவரை அழைத்துக்கொண்டு டுபாண்ட் என்னும் ஆற்றில் மூன்று ஓடங்களுடன் புறப்பட்டார். 1893இல் டிரல் சகோதரர் ஆராய்ந்து சென்ற வழி அது. மொஃபட் புதியவரல்லர், கனடாவின் ஆல்பனி ஆற்றில் பலமுறை சென்று வந்தவர். கோடை நாட்கள் இதமாகக் கழிந்தன. காற்று தடுத்த நாட்கள் சில. தங்கி இளைப்பாறிய நாட்கள் சில. ஒவ்வொரு தாமதமும் அன்றன்று சிறியதாகவே தோன்றியிருக்கும். செப்டம்பர் பிறந்தபோது பனி விழத் தொடங்கியது. கொண்டுவந்த உணவு குறைந்து, வேட்டையாடிய காரிபூ மானின் இறைச்சியே பெருந்துணையாயிற்று. சேரவேண்டிய பேக்கர் லேக் என்னும் ஊரோ இன்னும் தொலைவில் இருந்தது.

இப்போது விரைவு தேவைப்பட்டது. செப்டம்பர் 14ஆம் நாள், ஒரு நீர்ச்சரிவில் கரையிறங்கிப் பாராமலே ஓடங்கள் இறங்கின. மூன்றில் இரண்டு கவிழ்ந்தன. உறைபனியையொத்த குளிர்நீரில் கிடந்தவர்களைத் தோழர்கள் கரை சேர்த்தனர். ஆயினும் குளிர் தாக்கி மொஃபட் உயிர் துறந்தார். அவருக்கு வயது 36. வீட்டில் மனைவியும் இரு பெண்மக்களும் இருந்தனர். எஞ்சிய ஐவரும் அம்மாதத்திலேயே பேக்கர் லேக் வந்தடைந்தனர்.

குளிர்நீர் மனிதனை எவ்வாறு வெல்கிறது என்பதை மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக நினைவில் நிற்கும்படி வகுத்துள்ளார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்ததும் மூச்சுத் திணறும். அதை அடக்க 1 நிமிடம். கைகால்கள் பயன்படுமாறு இயங்க ஏறத்தாழ 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். நீந்தத் தெரிந்தவனும் பத்து நிமிடத்துக்குப்பின் தன் விரல்களை நம்ப இயலாது. உயிர்காப்பு மேலங்கி அணிந்தவனுக்கே அந்த ஒரு மணி நேரம் கிட்டும்.

இன்று செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் வந்துவிட்டன. எனினும் மூடுபனியும் புயற்காற்றும் விமானத்தைத் தடுத்துவிட்டால் உதவி வர நாட்கள் ஆகலாம். எனவே விவரமறிந்தோர் பயணத்திட்டத்தில் உபரி நாட்களைச் சேர்க்கின்றனர். உணவையும் கூடாரத்தையும் ஓடங்களுக்கிடையே பகிர்ந்து வைக்கின்றனர். எவரேனும் ஒருவர் ‘வேண்டாம், சுமந்தே செல்வோம்’ என்று சொன்னாலும், மற்றவர் அவரை எள்ளாது இணங்குகின்றனர்.

இந்த இறுதி வழக்கம் நம் சிந்தனைக்குரியது. இருட்டுகிறது, பசிக்கிறது, எல்லோரும் விரைகிறார்கள். அவ்வேளையில் ‘கரையில் இறங்கிப் பார்ப்போம்’ என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு வேண்டும். அச்சொல்லைக் கேட்டுத் துடுப்பை நிறுத்தும் பொறுமை மற்றவருக்கு வேண்டும். முந்திய வாரங்களில் வீணான பொழுதை ஒரு மாலையில் ஈடுசெய்ய முயலும்போதுதான் அத்துணிவும் பொறுமையும் நம்மைவிட்டு நீங்குகின்றன. பயணத்துக்கு நண்பர்களைத் தேடும் இளைஞர்கள், வேகமாகத் துடுப்பு வலிப்பவர் யாரென்று மட்டும் பாராமல், நிறுத்தச் சொல்லத் தயங்காதவர் யாரென்றும் பார்ப்பார்களாக!