தன் காசைத் தானே கட்டும் கார்

ஸ்காபரோவில் உணவு டெலிவரிக்கு இறங்கப்போகிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஓர் அறிவுரை. "பழைய காரை வித்துப்போட்டு ஹைபிரிட் ஒண்டு எடு தம்பி. பெற்றோல் காசில மிச்சம் பிடிச்சே கார்க் காசைக் கட்டிப்போடலாம்." கலியாண வீட்டில், கோயில் வாசலில், ரிம் ஹோர்ட்டன்ஸ் மேசையில், எங்கே கேட்டாலும் இதே பாட்டுத்தான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்பவர் அடுத்த கிழமையே கார் விற்பனைக் கூடத்தில் நிற்கிறார். அறிவுரை பிழையானது. கூட்டல், பெருக்கல் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம்; ஆனால் யாரும் பேனையை எடுப்பதில்லை.

எடுத்துப் பார்ப்போம். ரொறன்ரோ நகர ஓட்டத்தில் சாதாரண சிறிய பெற்றோல் கார் நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கிறது, ஹைபிரிட் 5 லீற்றர் குடிக்கிறது என்று வையுங்கள். ரொயோட்டா கொரொல்லாவின் பெற்றோல், ஹைபிரிட் இரண்டு வகைக்கும் அரசாங்கம் வெளியிடும் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு. பனிக்காலத்தையும் நெரிசலையும் நினைத்து நான் கூட்டியே வைத்திருக்கிறேன். வித்தியாசம் 3 லீற்றர். வருடம் 30,000 கிலோமீற்றர் ஓடினால் 900 லீற்றர் மிச்சம். லீற்றர் 1 டொலர் 40 சதம் என்றால் 1,260 டொலர். மாதத்துக்கு 105.

இனி மற்றப் பக்கம். 30,000 டொலர் கடன், 8 வீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 608 டொலர். ஐந்து வருட முடிவில் கட்டியிருப்பது 36,500. அதில் வட்டி மட்டும் 6,500, மாதத்துக்குச் சராசரி 108. அதாவது பெற்றோலில் மிச்சம் பிடித்த காசு வட்டிக்கே காணாது. மீதி 500 டொலரை யார் கட்டுவது? இரவு பதினொரு மணிக்குப் பிரியாணிப் பொதியோடு பதினாறாம் மாடிக்கு ஏறுகிறவர்தான் கட்டுகிறார். கார் கட்டவில்லை.

2025 ஏப்ரல் 1ஆம் திகதி நுகர்வோருக்கான கார்பன் கட்டணத்தை மத்திய அரசு நீக்கியபோது பெற்றோல் லீற்றருக்கு 17.6 சதம் குறைந்தது. விலை இறங்கும்போதெல்லாம் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும் காசும் இறங்கும். தவணை மட்டும் இறங்காது.

கண்ணுக்குத் தெரிகிற செலவைப் பற்றித்தான் நாங்கள் பேசுவோம். ஒவ்வொரு முறை ராங்கை நிரப்பும்போதும் பம்பில் எண்கள் ஓடுவது தெரிகிறது. காரின் பெறுமதி விழுவதை யாரும் பார்ப்பதில்லை. கனடா வருவாய் முகவரகம், சொந்தக் காரில் வேலைக்காக ஓடும் ஊழியருக்கு முதலாளி வரியில்லாமல் கொடுக்கக்கூடிய தொகையை வருடாவருடம் அறிவிக்கிறது. 2025இல் அது ஒன்ராறியோவில் முதல் 5,000 கிலோமீற்றருக்கு 72 சதம், அதற்கு மேல் 66 சதம். டெலிவரி ஓட்டுநர் சுயதொழில் செய்பவர் என்பதால் இந்த விகிதம் அவருடைய வரிக் கணக்குக்கு உதவாது. ஆனால் ஒரு கார் ஒரு கிலோமீற்றர் ஓட என்ன செலவாகும் என்பதற்கு இது நல்ல அளவுகோல். மேலே சொன்ன 8 லீற்றர் காருக்கு ஒரு கிலோமீற்றரில் பெற்றோல் செலவு 11 சதம். 66இல் 11. மிச்ச 55 சதம் எங்கே போகிறது? பெறுமதித் தேய்மானம், காப்புறுதி, ரயர், பிரேக், திருத்த வேலை, வட்டி. ஆறில் ஒரு பங்கைக் குறைப்பதற்காக மற்ற ஐந்து பங்கையும் ஏற்றிவிடுவதைச் சிக்கனம் என்று சொல்கிறோம்.

காப்புறுதியைப் பாருங்கள். கடனில் எடுத்த காருக்கு மோதல் சேதம், திருட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்புறுதி வேண்டும் என்று கடன் கொடுப்பவரே கேட்பார். முழுக் காசும் கொடுத்து வாங்கிய பழைய காருக்கு மோதல் சேதக் காப்புறுதியை விட்டுவிடுவது உங்கள் விருப்பம். இன்னொன்று, பலர் காதில் போட்டுக்கொள்ளாதது: டெலிவரி ஓடுவதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் ஓடி விபத்து நடந்தால் கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்கு வழி கிடைக்கிறது. அந்த நேரம் கார் நூறு கிலோமீற்றருக்கு 5 லீற்றர் குடிக்கிறது என்பது யாருக்கும் ஆறுதலாக இராது.

"புதுக்காரெண்டால் வாறன்ரி இருக்கே" என்பார்கள். ரொயோட்டாவின் பொது உத்தரவாதம் கனடாவில் மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. எஞ்சினுக்கும் கியருக்கும் ஐந்து வருடம் அல்லது 100,000. வருடம் 30,000 ஓடுகிறவருக்கு முதலாவது இரண்டே வருடத்தில் முடிகிறது, இரண்டாவது நான்காம் வருடத் தொடக்கத்தில். கடனோ ஐந்தாம் வருடக் கடைசி வரை போகிறது. இந்த இரண்டு உத்தரவாதமும் போன காருக்கும் தவணை கட்ட வேண்டும், திருத்தவும் வேண்டும். லீஸ் எடுத்தவர் பாடு இன்னும் மோசம்: வருடம் இருபதாயிரமோ இருபத்துநாலாயிரமோதான் ஓடலாம், மிஞ்சினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தண்டம்.

வரியில் கழிக்கலாமே என்ற வாதமும் வரும். கழிக்கலாம். தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும், ஓடிய தூரத்தை எழுதி வைத்திருந்தால். செலவழித்த டொலரில் ஒரு பகுதிதான் திரும்பும், முழு டொலரும் இல்லை. பழைய காரின் செலவையும் அதே மாதிரிக் கழிக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே வருமானத்தின் தன்மை இருக்கிறது. 2025 யூலை 1இல் ஒன்ராறியோவில் டிஜிற்றல் தளத் தொழிலாளர் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்தச் சம்பளம் ஓர் ஓடரை ஏற்றதிலிருந்து முடிப்பது வரையான நேரத்துக்கு மட்டும். மார்க்கம் வீதியோரம் காரை நிறுத்திவிட்டு அடுத்த ஓடருக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. மோர்னிங்சைட்டில் பொதியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற கிலோமீற்றருக்கும் இல்லை. நகர மையத்தில் குறுந்தூர ஓடர்களை மின்சைக்கிள்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பெற்றோலும் இல்லை, பார்க்கிங் தண்டமும் இல்லை. இப்படி மேலும் கீழும் போகிற வருமானத்தின் தலையில் மாதம் 608 டொலர் நிலையான கடனைக் கட்டிவிடுவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. தவணை இருப்பவருக்கு எந்த ஓடரையும் மறுக்கத் தைரியம் வராது. பத்துக் கிலோமீற்றருக்கு ஐந்து டொலர் என்று வந்தாலும் எடுப்பார். அப்படி எடுத்த ஓடர்களிலேயே ஹைபிரிட் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும்.

ஹைபிரிட் கெட்ட கார் இல்லை. நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது. பிரேக் மெதுவாகத் தேயும், காத்திருக்கும்போது எஞ்சின் தானே நின்றுவிடும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று ரொறன்ரோ நகரசபை 2010 முதல் விதித்திருப்பதை மாசி மாதக் குளிரில் எத்தனை டெலிவரிக்காரர் நினைக்கிறார்களோ தெரியாது. அங்கேயும் ஹைபிரிட் கொஞ்சம் நல்லபிள்ளை. ஒரே விலையில் இரண்டு பழைய கார்கள் நின்று, இரண்டின் அடிப்பாகமும் உப்பில் துருப்பிடிக்காமல் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட்டை எடுங்கள். நான் கண்டிப்பது கடனை. மின்கார் பற்றிய பேச்சு அதைவிடச் சுருக்கம்: சொந்தக் கராஜில் இரவில் சார்ஜ் ஏற்ற முடிந்தால் யோசிக்கலாம், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு அது கதை.

மலிவான சிறிய கார்களைக் காட்சிக் கூடங்களில் இப்போது காண்பது அரிது என்பதும் உண்மை. 2014இல் நிசான் மைக்ராவை 9,988 டொலருக்கு விற்றார்கள். அது 2019 மாடலோடு போய்விட்டது. ஹொண்டா ஃபிட்டும் யாரிஸும் 2020 மாடலோடு போயின. பெரிய வண்டியில் லாபம் பெரிது என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. விற்பனையாளர் உங்களுக்கு ஹைபிரிட்டைக் காட்டுவது உங்கள் பெற்றோல் செலவை எண்ணிக் கவலைப்பட்டு இல்லை. அவரிடம் இருப்பது அதுதான். போன அந்தச் சிறிய கார்கள் பழைய கார்ச் சந்தையில் இன்னும் ஓடுகின்றன.

எனவே புதிதாக இறங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்போது கையில் ஓடுகிற கார் இருந்தால் ஆறு மாதம் அதிலேயே ஓடுங்கள். தூரத்தையும் செலவையும் காத்திருந்த நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கார் இல்லையென்றால் கையில் இருக்கும் காசுக்குள் ஒரு பழைய சின்னக் காரைப் பாருங்கள். வாங்க முதல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உயர்த்தி அடியைப் பாருங்கள். காப்புறுதிக்காரரிடம் டெலிவரி என்று சொல்லி விலை கேளுங்கள். கடன் பத்திரத்தை நீட்டுகிறவரிடம் மாதத் தவணையைக் கேட்காதீர்கள், மொத்த வட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.